செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம்: இந்த வரிசையை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

எனக்கு இந்தப் பாடம் புரிந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகுதான். அதனால் அந்த ஒரு உறுப்பை வைத்தே சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இறங்கிவிட்டது. ரத்தம் ஊறட்டும் என்று முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் கொடுத்தோம், ஏறவே இல்லை. (கீரையிலும் பேரீச்சையிலும் பொட்டாசியம் உண்டு, கிட்னி கோளாறு இருப்பவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.) "கிட்னி கெட்டா ரத்தமும் குறையும்மா" என்றார் டாக்டர். கழிவை வடிகட்டுகிற உறுப்புக்கும் ரத்தம் ஊறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு ராத்திரியே தேட உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் முதலில் கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காய் (ஆட்டின் சிறுநீரகம்) ஒன்று வாங்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு இருக்கும், நகத்தால் நெம்பினால் உரிந்து வரும். அது இணைப்புத் திசு. உள்ளே ஓரத்துச் சதை ஒரு நிறம், அதற்கடுத்தது வேறு நிறம், நடுவில் வெள்ளையாகக் கொழுப்பும் குழாய் வாயும். சதை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்தான். மனிதச் சிறுநீரகம் ஒன்றில் அப்படிச் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்கள், இருக்கின்றன. அந்தக் குழாயின் சுவர் ஒரே ஒரு வரிசைச் செல்கள், செங்கல் அடுக்கினாற்போல. இப்படி ஒரு வேலைக்காகச் சேர்ந்து நிற்கும் செல் கூட்டம்தான் திசு, இது எபிதீலியத் திசு, அதாவது குழாய்ச் சுவராகவும் மேல்பரப்பாகவும் அமையும் திசு. ரத்தக்குழாய்ச் சுவரில் தசைத் திசு, அதோடு ஓடிவரும் நரம்பிழைகளில் நரம்புத் திசு என்று திசுவின் நான்கு வகையும் ஒரு கைப்பிடி அளவு உறுப்புக்குள்ளேயே வந்துவிடுகின்றன. நம் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் இந்தக் குழாய்களுக்குள் வடிகிறது, வெளியே போவதோ ஒன்றிரண்டு லிட்டர், மீதி அத்தனையையும் அந்த ஒற்றை வரிசைச் செல்கள் இழுத்துத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

சிறுநீரகம், சிறுநீர்ப்பை, இடையில் உள்ள குழாய்கள் எல்லாம் சேர்ந்தால் கழிவுநீக்க மண்டலம். சரி, பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

ஆனால் அம்மாவின் ரத்தம் ஏன் குறைந்தது என்பதற்குப் பதில் இதில் இல்லை. நெஃப்ரான்களுக்கு நடுவே இருக்கும் இணைப்புத் திசுவில் சில செல்கள் ஆக்சிஜன் குறைவதைக் கண்டுகொண்டு எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது ரத்தத்தோடு போய் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும். சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் (உட்கரு) கிடையாது, தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ள முடியாது, சுமார் 120 நாளில் ஆயுசு முடிந்துவிடும், அதனால் நொடிக்கு 20 லட்சம் என்ற கணக்கில் மஜ்ஜை புதிதாகச் செய்துகொண்டே இருந்தாக வேண்டும். ஹார்மோன் வற்றினால் அந்த வேலை மந்தமாகிவிடும், இரும்புச்சத்தை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. அதாவது கழிவுநீக்க மண்டலத்து உறுப்பு ஒன்று நாளமில்லாச் சுரப்பி மாதிரியும் வேலை செய்து, எலும்புக்குள் நடக்கும் காரியத்தை நடத்துகிறது. கணையமும் இப்படித்தான், செரிமானத்திலும் இருக்கும், இன்சுலினும் சுரக்கும்.

அதனால் வரிசையை ஏணி மாதிரி ஒரே திசையில் படிக்காமல், ஏதாவது ஒரு உறுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே செல் வரைக்கும் போங்கள், அப்புறம் அந்தச் செல் பழுதானால் எந்தெந்த மண்டலம் தடுமாறும் என்று மேலே வாருங்கள்.

அம்மாவுக்கு எரித்ரோபொயட்டின் ஊசி ஆரம்பித்து, கூடவே இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். சில மாதங்களில் ஹீமோகுளோபின் 10ஐத் தொட்டது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், இப்போது துணி காயப்போட நிற்காமல் ஏறிப் போகிறார்.