டேனரிக் கழிவு வாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க எந்த வினையூக்கி நல்லது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதானே: வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் தோலின் உட்புறம் சீவி எடுக்கும் ஜவ்வையும் கொழுப்பையும் சாணத்தோடு சேர்த்து நொதிக்கவிட்டு, வரும் மீத்தேனை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜன் ஆக்கவேண்டும், அதற்கு நிக்கலா ரோடியமா என்று. நான் ராணிப்பேட்டைக்காரன், மணலியில் ஒரு ஆலையின் ரிஃபார்மர் பிரிவில், அதாவது வாயுவை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜன் ஆக்கும் உலைப் பிரிவில், பல வருஷம் இருந்தவன். நிக்கலே போதும், தாராளமாகப் போடுங்கள். ஆனால் உங்கள் வாயுவை வைத்துப் பார்த்தால் முதலில் கவலைப்பட வேண்டியது கந்தகத்தைப் பற்றித்தான்.

ரோடியம் நிக்கலைவிடச் சுறுசுறுப்பானது, கரியும் அதில் சுலபமாகப் படியாது, அதெல்லாம் உண்மை. ஆனால் மீத்தேன் ஒன்று, நீராவி ஒன்று சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஒன்றும் ஹைட்ரஜன் மூன்றும் ஆகிற இந்த வினை ஒரு மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆலையில் வினையூக்கி நிரப்பி உலைக்குள் நிறுத்திய குழாயின் கடைசியில் 800 முதல் 900 டிகிரி வரை வைத்திருப்போம், அந்த வெப்பம் முழுக்கக் குழாய்ச் சுவர் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். வினையும் வினையூக்கி வில்லையின் மேல்தோலில்தான் நடக்கிறது, நடுவில் இருக்கும் நிக்கலுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. இந்த நிலையில் இன்னும் சுறுசுறுப்பான உலோகத்தைக் காசு கொட்டி வாங்கி என்ன பிரயோஜனம்? அதனால்தான் கம்பெனிகள் உலோகத்தை மாற்றாமல் வில்லையின் வடிவத்தை மாற்றின, நாலு துளை, ஏழு துளை, பத்துத் துளை என்று.

நிக்கலைத் தாங்கும் பொருளிலும் கவனம் வேண்டும். அலுமினியம் ஆக்சைடின் ஒரு வடிவமான காமா அலுமினா ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும், ஆனால் 800 டிகிரியும் நீராவியும் சேர்ந்தால் நாளடைவில் ஆல்ஃபா என்ற இன்னொரு வடிவமாக மாறிப் பரப்பளவை இழந்துவிடும். அதனால் ஆல்ஃபா அலுமினா, மெக்னீசியம் அலுமினேட், கால்சியம் அலுமினேட் இவற்றில் ஒன்றை எடுங்கள். சிலிக்கா வேண்டவே வேண்டாம், அழுத்தமான நீராவியில் அது ஆவியாகிப் போய் அடுத்த கருவிகளில் படியும்.

சரி, கந்தகத்துக்கு வருவோம். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். ஆக, நம் பக்கத்து டேனரிக் கழிவில் கந்தகம் அந்த வழியில் வந்து சேர்கிறது. வெறும் சாண வாயுவிலேயே ஹைட்ரஜன் சல்பைடு சில நூறு பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்) சில ஆயிரம் வரை போகும், டேனரிக் கழிவு சேர்ந்தால் அதற்கும் மேலே. நிக்கல் வினையூக்கிக்கு நாங்கள் அனுமதித்தது 0.1 பிபிஎம்முக்குக் கீழே! கந்தகம் நிக்கலின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்துவிட்டால் மீத்தேனுக்கு இடமில்லை, மேற்பரப்பு மூட மிகக் கொஞ்சமே போதும்.

இது கண்ணாலேயே தெரியும். உலைச்சுவரில் எட்டிப் பார்க்கச் சிறு ஜன்னல் இருக்கும், நிறக்கண்ணாடி பிடித்துப் பார்த்தால் குழாய்கள் வரிசையாகச் சீரான மங்கல் சிவப்பில் நிற்க வேண்டும். கந்தகம் நழுவி வந்தால் முதலில் குழாயின் மேல்பகுதி வினையூக்கி படுத்துவிடும், அங்கே வெப்பத்தை உறிஞ்ச வினை இல்லாததால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சுப் பட்டையாகத் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் வினையூக்கி மட்டுமல்ல, குழாயே போய்விடும், 25 சதவீதம் குரோமியமும் 35 சதவீதம் நிக்கலும் போட்டு வார்த்த குழாய்.

உங்கள் அளவுக்கு நான் சொல்லும் வழி: முதலில் ஒரு டிரம்மில் துருப்பிடித்த இரும்புச் சீவல், கொஞ்சம் ஈரமாக. சிப்காட் லேத் பட்டறைகளில் கேட்டால் கொடுப்பார்கள். கந்தகம் ஏறிய சீவலைக் காற்றில் கொட்டும்போது சூடேறித் தீப்பிடிக்கலாம், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்து கார்பன் படுகை. கடைசியாக 350 முதல் 400 டிகிரியில் ஜிங்க் ஆக்சைடு, இதுதான் மிச்சத்தைத் துடைத்தெடுக்கும். மெர்காப்டன் மாதிரி கரிமக் கந்தகமும் இருந்தால் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்ற ஜிங்க் ஆக்சைடுக்கு முன்னால் கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கிப் படுகையும் கொஞ்சம் ஹைட்ரஜனும் தேவைப்படும்.

கரி இன்னொரு தொல்லை. கார்பன் ஒன்றுக்கு நீராவி மூன்று என்ற விகிதத்தில் ஆரம்பியுங்கள். நீராவி நின்று வாயு மட்டும் ஓடினால் மீசை மாதிரி கரி இழைகள் வளர்ந்து வில்லையையே பொடியாக்கிவிடும், எனவே நீராவி குறைந்ததும் வாயு தானாக நிற்கிற மாதிரி வால்வு வையுங்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அளந்து விட்ட துளிக் கந்தகம் கரியைத் தடுக்கும்! கரி வளர நிக்கல் அணுக்கள் பெரிய கூட்டமாக அடுத்தடுத்து வேண்டும், மீத்தேன் வினைக்குச் சின்னக் கூட்டம் போதும், கந்தகம் பெரிய கூட்டங்களை மட்டும் உடைத்துவிடுகிறது. டென்மார்க்கின் டாப்சோ கம்பெனி இதையே ஒரு தொழில்முறையாக ஆக்கியது. முதல் முயற்சியில் நீங்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மோனாக்சைடை நீராவியோடு சேர்த்து மேலும் ஹைட்ரஜன் எடுக்கும் அடுத்த கட்டத்துக்குப் பெரிய ஆலைகளில் இரும்பு-குரோமியம் வினையூக்கி. நீங்கள் அதை வாங்காதீர்கள் தம்பி. மூடிப்போன ஒரு ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு மலையால் எங்கள் ஊர் நிலத்தடி நீர் மஞ்சளானதைப் பார்த்து வயிறெரிந்தவன் நான், ஆறு இணைதிற குரோமியம் என்ற அந்த நச்சு வடிவத்தைச் சொன்னாலே எனக்குப் பதறும். கந்தகத்தை ஒழுங்காக எடுத்துவிட்டால் 200 முதல் 250 டிகிரியில் ஓடும் செம்பு-துத்தநாக வினையூக்கியே உங்களுக்குப் போதும்.

நிறுத்தும்போது ஒரு எச்சரிக்கை. 200 டிகிரிக்குக் கீழே நிக்கலும் மோனாக்சைடும் சந்தித்தால் நிக்கல் கார்பனைல் என்ற கொடிய விஷவாயு உருவாகும், அதனால் சூடாக இருக்கும்போதே நைட்ரஜன் விட்டு மோனாக்சைடை வெளியேற்றிவிட்டு அப்புறம் ஆறவிடுங்கள். மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அலாரம் இல்லாமல் உலையைப் பற்றவைக்கவே கூடாது. வினையூக்கிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் வாயுவின் சாம்பிளை கந்தகச் சோதனைக்கு அனுப்புங்கள், அந்த எண்ணை இங்கே போட்டால் ஜிங்க் ஆக்சைடு எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.