சின்ன ஜெட் எஞ்சின்: வாசகர் கேள்விகள்

காற்றாலை இறக்கை சாவகாசமாகச் சுற்றுகிறது. சின்ன ஜெட் எஞ்சின் மட்டும் ஏன் நிமிடத்துக்கு லட்சம் சுற்று ஓட வேண்டும்?
- ஆரல்வாய்மொழி வாசகர்

சாவகாசம் கண்ணுக்குத்தான். 80 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினாலே, இறக்கை நுனியின் வேகம் நொடிக்கு 60 மீட்டரைத் தாண்டும். ஜெட் எஞ்சினில் காற்றை அமுக்குவது, உள்ளே சுழலும் சக்கரத்தின் இந்த நுனி வேகம்தான். பெரிய சக்கரம் குறைந்த சுற்றிலேயே அதை எட்டிவிடும். 66 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு லட்சம் சுற்று வேண்டும். அப்போது நுனி நொடிக்கு சுமார் 345 மீட்டர் ஓடும், கிட்டத்தட்ட ஒலியின் வேகம்.

இன்னொரு தொல்லை, சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி. எஞ்சினைப் பாதியாக்கினால் அந்த இடைவெளியும் பாதியாகிவிடாது. அமுக்கிய காற்று அந்த வழியே நழுவும். ஆகவேதான் சின்ன எஞ்சின்களில் இன்றும், காற்றை நடுவில் வாங்கி விளிம்புக்கு வீசி அமுக்கும் மையவிலக்குச் சக்கரத்துக்கு மதிப்பு. இங்கிலாந்தின் பிராங்க் விட்டில் 1937இல் ஓட்டிக்காட்டிய தன் முதல் ஜெட் எஞ்சினில் இருந்ததும் அந்த வகைதான்.

ஒக்கி புயல் நாட்களில் ஹெலிகாப்டர் சத்தத்துக்கே காதைக் கொடுத்துக் கிடந்தோம். அதில் இருப்பதும் ஜெட் எஞ்சினா?
- குளச்சல் வாசகி

அதே குடும்பம்தான் அம்மா. ஜெட்டில் சூடான காற்று பின்னால் பீறிட்டு விமானத்தைத் தள்ளும். இங்கே டர்பைன் என்ற சுழல் சக்கரம் அந்த ஆற்றலை வாங்கி, தண்டு வழியாக மேலே உள்ள விசிறிக்குக் கொடுக்கிறது. நம் கடற்படையும் கடலோரக் காவல்படையும் நெடுங்காலமாக ஓட்டும் சேத்தக் ஹெலிகாப்டரில் உள்ளது பிரான்சின் டர்போமெக்கா நிறுவனம் வடிவமைத்த ஆர்த்தூஸ்ட் எஞ்சின். அந்த வரிசை எஞ்சினுடன் பிரான்சின் அலுவெத் 2 ஹெலிகாப்டர் முதலில் பறந்தது 1955 மார்ச் 12 அன்று. கனத்த பிஸ்டன் எஞ்சின் போனதும் மிச்சமான எடைக்கு ஆளை ஏற்ற முடிந்தது. உயிர் காக்கும் வேலைக்கு இதைவிடப் பெரிய வரம் வேறென்ன?

பெங்களூரில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். 'சீட்டா' என்ற பெயரில் கட்டிய லாமா ஹெலிகாப்டரிலும் ஆர்த்தூஸ்ட்தான். 1972 ஜூன் 21 அன்று பிரெஞ்சு விமானி ழான் புலே லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார். மேலே எஞ்சின் அணைந்துவிட்டது. கீழிருந்து வரும் காற்றிலேயே விசிறி சுழல, பத்திரமாகத் தரை இறங்கினார்.

மகேந்திரகிரியில் சோதிப்பது ஜெட் எஞ்சினா?
- பூதப்பாண்டி வாசகர்

இல்லை, அங்கே இஸ்ரோ சோதிப்பது ராக்கெட் எஞ்சின். வெளிக்காற்று அதற்குத் தேவையில்லை. நம் நாட்டுச் சின்ன ஜெட் என்றால் ஆளில்லா இலக்கு விமானமான லக்ஷ்யாவுக்கு எச்.ஏ.எல். செய்த பி.டி.ஏ.இ.-7, பெங்களூரின் டர்பைன் ஆய்வு நிறுவனமான ஜி.டி.ஆர்.இ.யின் மாணிக்.

லாரி டர்போவை வைத்து ஜெட் எஞ்சின் செய்யலாமா?
- தக்கலை மாணவி

செய்தவர்கள் உண்டு. புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் கருவிதானே டர்போ. ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங், டர்போகூட இல்லாமல், ஒட்டுப்பலகையில் சக்கரம் செய்து கார்பன் இழை சுற்றியே மாதிரி விமானத்துக்கு எஞ்சின் ஓட்டினார். ஆனால் நீ பற்றவைக்காதே மக்களே. மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில், எண்ணெய்க் குழாய் அடைத்துப்போன டர்போவைப் பிரித்தோம். விரல் கனத் தண்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அலுமினியச் சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசி மடங்கிக் கிடந்தன. உறை மெலிதாக இருந்திருந்தால் அந்த இதழ் யார் மேலாவது பாய்ந்திருக்கும். பழுதான டர்போ ஒன்றை வாங்கிப் பிரி. பேரிங்குக்கு எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் வரைந்து பார்.