வாசகர் கேள்வி – பதில்: வரிக் கணக்கை நாமே தாக்கல் செய்ய எந்த மென்பொருள்?

2025-26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்ய விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், இந்தக் கணக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியே தாக்கல் செய்யப்பட வேண்டியது என்பதை நினைவில் கொண்டு படிக்கவும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 67. மாத ஓய்வூதியம் 38,000 ரூபாய். ஒரு வங்கியில் வைப்பு நிதி வட்டி 1,40,000 ரூபாய். மற்றொன்றில் 70,000 ரூபாய். முதல் வங்கி 14,000 ரூபாய் டி.டி.எஸ். (வட்டியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், பணம் கட்டி ஒரு மென்பொருள் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் கணக்குக்கு வருமான வரித் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'சஹஜ்' என்னும் ஐ.டி.ஆர்.-1 படிவமே தாராளமாகப் போதும். ஓய்வூதியம் 4,56,000 ரூபாயும் வட்டி 2,10,000 ரூபாயும் சேர்ந்து 6,66,000 ரூபாய் ஆகிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள 'புதிய வரி முறை'யில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக மீதி 5,91,000 ரூபாய். இந்த ஆண்டு 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி இருப்பதால் வரி ஏதும் வராது. பிடித்த 14,000 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த வங்கியில், வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் 15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூத்த குடிமக்களின் வட்டி ஒரே வங்கியில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி டி.டி.எஸ். பிடிக்கும் என்பதால், இரண்டாவது வங்கியின் 70,000 ரூபாய்க்குப் பிடித்தமே இருக்காது. ஆகவே பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏ.எஸ்.ஸில் மட்டும் பார்த்தால் அந்த வட்டி கண்ணில் படாமலே போய்விடலாம். ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் தரவிறக்கி, வங்கிப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். அந்தக் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும்: பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை எட்டு இலக்கங்களாகச் சேர்க்க வேண்டும். உங்கள் மகன் உதவ விரும்பினால், பணத்துக்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

கணவரின் குடும்ப ஓய்வூதியம் பெறும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை: அதைச் சம்பளம் என்ற தலைப்பில் போடக்கூடாது, 'பிற வருமானம்' என்ற தலைப்பில்தான் காட்ட வேண்டும். அதற்குப் புதிய முறையில் அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் கழிவு. சம்பளக் கட்டத்தில் அடித்தால் எந்த மென்பொருளும் மறுபேச்சின்றி 75,000 ரூபாயைக் கழித்துவிடும். நோட்டீஸ் வரும்போதுதான் தவறு தெரியும்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சம்பளத்துடன், பங்குகளையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் விற்ற வகையில் இருநூறுக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் உள்ளன. நிறுவனத்தின் அமெரிக்கத் தாய்க் கழகம் கொடுத்த பங்குகளும் என் பெயரில் இருக்கின்றன. அரசுத் தளம் போதுமா, கிளியர்டாக்ஸ், குவிக்கோ போன்ற தனியார் சேவைகளில் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா?
– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: இந்தப் பகுதிக்கு வருபவற்றில், பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவதற்கு உண்மையான காரணம் உள்ள கேள்வி இதுதான். ஆனால் மென்பொருளைத் தேடுவதற்கு முன் படிவத்தைத் தீர்மானித்துவிடுங்கள். பங்குகளை வாங்கி, டிமேட் கணக்கில் வைத்திருந்து, பிறகு விற்றிருந்தால் அது மூலதன ஆதாயம், ஐ.டி.ஆர்.-2 போதும். ஆண்டில் ஒரே ஒரு நாள் காலையில் வாங்கி மாலையில் விற்றிருந்தாலும் அந்த இன்ட்ராடே வணிகம் ஊக வணிக வருமானமாகக் கருதப்படுகிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் செய்திருந்தால் அதுவும் வணிக வருமானமே. அப்போது ஐ.டி.ஆர்.-3க்குப் போக வேண்டும். சில சேவைகளில் மலிவான திட்டம் ஐ.டி.ஆர்.-2 வரைக்கும் மட்டும்தான் என்பதைப் பாதி வழி போன பிறகே சொல்வார்கள்.

தனியார் மென்பொருள் உங்களுக்கு உண்மையில் உதவும் இடம், தரகு நிறுவனத்தின் வரி அறிக்கையையும், கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய மியூச்சுவல் ஃபண்டு பதிவாளர்களின் மூலதன ஆதாய அறிக்கைகளையும் கோப்பாக ஏற்றினால் அவை தாமாகவே உரிய கட்டங்களில் போய் உட்காருவதுதான். அதே வேலையை அரசுத் தளத்தில் கையால் செய்யலாம், முடியாதது அல்ல. 2018 ஜனவரி 31ஆம் தேதிக்குப் பின் வாங்கிய பங்குகளின் நீண்டகால ஆதாயத்தை மொத்தமாக ஒரே வரியில் காட்டப் படிவம் அனுமதிக்கிறது. அதற்கு முன் வாங்கியவற்றுக்குத்தான், அந்த ஜனவரி 31ஆம் தேதியின் சந்தை விலையைப் பார்த்து வாங்கிய விலையைத் திருத்த வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பங்காக எழுத வேண்டும். ஆகவே இருநூறு பரிவர்த்தனைகளும் அண்மையில் வாங்கி விற்றவையாக இருந்தால், பார்த்து மிரளும் அளவுக்கு வேலை இல்லை. பலர் தடுமாறுவது வேறோர் இடத்தில்: ஆதாயத்தையும் டிவிடெண்டையும் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய தேதிகளை எல்லையாக வைத்து எந்தக் காலப் பகுதியில் எவ்வளவு வந்தது என்று பிரித்து எழுதச் சொல்லும் அட்டவணையில். ஆண்டுக்குள்ளேயே தவணைகளாகக் கட்ட வேண்டிய முன்வரிக்கான வட்டியைக் கணக்கிடுவதற்காகக் கேட்கப்படும் இந்தப் பிரிப்பை நல்ல மென்பொருள் தானே செய்துவிடும். சோதனை முறையில் இலவசமாகக் கோப்பை ஏற்றிப் பார்க்க விட்டால், முதலில் இந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள். காலியாகவோ, முழுத் தொகையும் ஒரே காலப் பகுதியிலோ இருந்தால் அந்த மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

அமெரிக்கப் பங்குகளைப் பொறுத்தவரை எந்த மென்பொருளையும் முழுமையாக நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நம் நிதியாண்டைப் பின்பற்றுவதில்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு, தொடக்க மதிப்பு, ஆண்டின் உச்ச மதிப்பு, இறுதி மதிப்பு எனக் கேட்கிறது. பங்குகளை விற்காமல் சும்மா வைத்திருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. டிவிடெண்டிலிருந்து அமெரிக்காவில் பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளத் தனியாகப் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். முதல் ஆண்டு மட்டும் ஓர் ஆடிட்டரிடம் கொடுத்துச் செய்துகொண்டு, அடுத்த ஆண்டு அதையே மாதிரியாக வைத்து நீங்களே செய்வது நல்லது.

கேள்வி: ஒரே விவரங்களை இரண்டு மென்பொருள்களில் கொடுத்தேன். ஒன்று வரியே இல்லை என்கிறது; மற்றொன்று 20,800 ரூபாய் கட்டச் சொல்கிறது. கழிவு போகச் சம்பளம் 7 லட்சம் ரூபாய். பங்கு விற்ற குறுகியகால ஆதாயம் ஒரு லட்சம் ரூபாய். எதை நம்புவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: 20,800 ரூபாய் கேட்கும் மென்பொருள்தான் சரி. உங்கள் மொத்த வருமானம் 8 லட்சம் ரூபாய்தான் என்பதால் தள்ளுபடிக்குத் தகுதி உண்டு; சம்பளத்தின் மீதான 15,000 ரூபாய் வரி அந்தத் தள்ளுபடியில் முழுவதும் கரைந்துவிடும். ஆனால் பங்கு ஆதாயத்துக்குத் தனி விகிதத்தில் 20 சதவீதம் வரி; அதன் மீது இந்தத் தள்ளுபடி செல்லாது. 20,000 ரூபாயும் அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை 800 ரூபாயும் சேர்ந்ததே அந்தத் தொகை.

இதில் மென்பொருள்கள் முரண்படுவதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2024 ஜூலை 5ஆம் தேதி வரை, வருமான வரித் துறையின் மென்பொருளே இத்தகைய ஆதாயத்துக்கும் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தது. அன்று மாற்றப்பட்ட பதிப்பு அதை நிறுத்தியது. சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை; ஜூலை முதல் வாரத்தில் தாக்கல் செய்தவருக்கும் மூன்றாம் வாரத்தில் செய்தவருக்கும் வரி வேறாக வந்தது. விவகாரம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதன் இடைக்கால உத்தரவால் காலதாமதக் கணக்குக்கான கெடு 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது. பிறகு 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், தனி விகித வருமானத்துக்குத் தள்ளுபடி இல்லை என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. ஆகவே அந்த ஆண்டுக்கு எப்படி இருந்தாலும், இந்த ஆண்டுக்குக் குழப்பத்துக்கு இடமில்லை. அரசின் மென்பொருளும் யாரோ ஒருவர் எழுதிய நிரல்தான். சட்டப் பிரிவை அவர் எப்படிப் படித்தாரோ அப்படித்தான் அது கணக்குப் போடும்.

இரண்டு விடைகள் வந்தால் இறுதித் தொகையை வைத்து மல்லுக்கட்டாமல், இரண்டிலும் 'வரிக் கணக்கீடு' பக்கத்தை அச்செடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வரி முறை, பிறந்த தேதி, தள்ளுபடி, தனி விகித வருமானம் ஆகிய நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் வேறுபாடு இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டாமல் விடையை மட்டும் சொல்லும் மென்பொருளைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். கணக்கு முழுவதும் டேலியில் இருக்கிறது. அதிலிருந்தே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியாதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: டேலி உங்கள் கொள்முதல், விற்பனைக் கணக்கை வைத்திருக்கும் புத்தகம், லாபம் எவ்வளவு என்பதை அதிலிருந்து எடுக்கலாம், தனிநபர் ரிட்டர்னுக்கு வேறு மென்பொருள் வேண்டும். 44ஏ.டி. பிரிவின்படி அனுமான லாபம் காட்டுபவராக இருந்தால், வங்கி வழியே வந்த விற்றுமுதலில் குறைந்தது 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபமாகக் காட்டி, ஐ.டி.ஆர்.-4 'சுகம்' படிவத்தை அரசுத் தளத்திலேயே முடித்துவிடலாம். வின்மேன், கம்ப்யூடாக்ஸ் போன்றவை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் ஆடிட்டர்களுக்கானவை. ஒரே ஒரு கணக்குக்காக அவற்றை வாங்குவது, ஒரு வேட்டி துவைக்கச் சலவைக்கூடம் கட்டுவதைப் போல.

கேள்வி: அலுவலகத்துக்கு வந்த ஒருவர், தன்னிடம் தனி மென்பொருள் இருப்பதாகவும், பிடித்த வரியில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கித் தருவதாகவும், அதில் 10 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் சொல்லி, எங்கள் பான் எண்ணையும் தளத்தின் கடவுச்சொல்லையும் கேட்கிறார். நண்பர்கள் சிலர் கொடுத்துவிட்டார்கள்.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் வருமானத்துக்கு உரிய ரீஃபண்ட் எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றாகத்தான் வர வேண்டும். ஒருவர் கையில் மட்டும் அது கூடுகிறது என்றால், கொடுக்காத வாடகையையோ, அரசியல் கட்சிக்குத் தராத நன்கொடையையோ, வாங்காத கல்விக் கடனையோ அவர் எழுதுகிறார் என்றே பொருள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை இத்தகைய போலிக் கழிவுகளைத் தேடித் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தவறான விவரம் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், குறைந்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கட்ட வேண்டியவர் கணக்கில் பெயர் உள்ளவர்தான். சதவீதம் வாங்கியவர் அல்லர்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, முறையாகப் பதிவு பெற்ற இடைநிலையாளருக்கு அது தேவையே இல்லை. இ.ஆர்.ஐ. எனப்படும் அவர்களைத் தளத்தில் நீங்களே சேர்க்கவும் நீக்கவும் முடியும். உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி மூலம் நீங்கள் சம்மதித்த பிறகே உங்கள் விவரம் அவர்களுக்குப் போகும். கொடுத்துவிட்ட நண்பர்கள் இன்றே கடவுச்சொல்லை மாற்றி, தளத்தில் உள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் தங்களுடையவையா என்று பார்த்து, போன ஆண்டு தாக்கலான படிவத்தைத் தரவிறக்கிப் படிக்கட்டும். அதில் பொய்க் கழிவு இருந்தால், கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்து சரிசெய்ய நான்கு ஆண்டுகள் வரை வழி இருக்கிறது; ஆனால் துறை நடவடிக்கையைத் தொடங்குவதற்கு முன் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் ஊரில் இணையம் அடிக்கடி அறுந்துவிடும். பாதி நிரப்பிய படிவம் போய்விடுகிறது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உண்டு. துறையின் தளத்திலேயே இணையம் இல்லாமல் இயங்கும் மென்பொருளை இலவசமாகத் தரவிறக்கலாம். முதலில், துறையே முன்நிரப்பிய விவரங்களை ஜேசன் எனும் தரவுக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் நிதானமாக நிரப்பி, முடிந்ததும் புதிய ஜேசன் கோப்பை உருவாக்கி ஏற்றினால் போதும். ஏற்றுவதற்கு ஐந்து நிமிட இணைப்பு கிடைத்தால் சரி. எக்செல் பதிப்பும் உண்டு. ஆனால் அதற்கு விண்டோஸ் கணினியும் மைக்ரோசாஃப்ட் எக்செலும் வேண்டும், கைபேசியில் திறக்காது. இரண்டிலும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். மே மாதம் தரவிறக்கியதை ஜூலையில் ஏற்றினால், பழைய பதிப்பு என்று தளம் திருப்பி அனுப்பக்கூடும். வங்கிகள் தங்கள் விவரங்களை மே 31 வரை அனுப்பலாம் என்பதால், அதற்கு முன் எடுத்த முன்நிரப்பலில் பாதி வருமானம் விடுபட்டிருக்கும். ஜூன் பாதிக்குப் பிறகு மென்பொருள், முன்நிரப்பல் இரண்டையும் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றியதோடு வேலை முடிந்துவிடாது. 30 நாள்களுக்குள் ஆதார் ஓடிபி அல்லது நெட்பேங்கிங் வழியாகச் சரிபார்க்க வேண்டும். ஓடிபி வராத ஊராக இருந்தால், ஐ.டி.ஆர்.-வி எனும் ஒப்புகைத் தாளை அச்செடுத்து, நீல மையில் கையெழுத்திட்டு, வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம். ரசீதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.