கேளுங்கள், சொல்கிறேன்: உச்சிப்புளி விமானதளம்

உச்சிப்புளி விமானதளத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா? அதைக் கட்டியது யார்?
(கல்லூரி மாணவி, மண்டபம்)

ராமநாதபுரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தளத்தைக் கட்டியது பிரிட்டிஷ்காரர்கள். இரண்டாம் உலகப் போர் சமயம், 1940களில், தங்கள் விமானங்கள் அவசரத்துக்கு இறங்க ஒரு மாற்றுத் தளமாகப் போட்டார்கள். ஜப்பான் குண்டு விழுந்தது இங்கே அல்ல, அக்கரையில், இலங்கையில்: 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில், 9ஆம் தேதி திருகோணமலையில். ஆனாலும் தாத்தாவின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். 1914லிருந்தே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் கொழும்புக் கடைகளில் வேலை பார்த்தார்கள். அங்கே விழுந்த குண்டு இங்கே வீட்டு முற்றத்தில் விழுந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

ஒன்று செய்யுங்கள். ஓடுபாதை வேலைக்கு யார் யார் போனார்கள், கூலி என்ன, கல்லும் சரளையும் எங்கிருந்து வந்தன, யாருடைய பனங்காடு போயிற்று என்று தாத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி நிலத்தை எடுத்துக்கொள்ள சர்க்காருக்கு அதிகாரம் இருந்தது. விமானங்களைப் பற்றி எழுத ஆள் உண்டு; நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களைப் பற்றி எழுத நாம்தான்.

போருக்குப் பிறகு அது ஏன் பாழாகவில்லை?
(ஆசிரியர், பனைக்குளம்)

அதே போர்க்காலத்துக் கயத்தாறு, உளுந்தூர்பேட்டை ஓடுபாதைகள் சும்மா கிடந்தன. சோழவரம் ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் நடந்தது. உச்சிப்புளியைக் காப்பாற்றியது அதன் இடம். வடக்கே கொஞ்ச தூரத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம்; தெற்கே தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. பாக் நீரிணையில் ஆழம் குறைவு. பெரிய கப்பல் நுழையாது, சின்னப் படகு எங்கும் போகும். அதைக் கவனிக்க மெதுவாக, தாழப் பறக்கும் விமானம் வேண்டும். 1982ல் கடற்படை தளத்தை எடுத்துக்கொண்டது. 1985ல் ஐலண்டர் விமானங்கள் வந்தன.

என் அம்மா ஊர் இருமேனி. விடுமுறைக்குப் போனால் தென்னந்தோப்புக்கு மேலே ஐலண்டர் போகும். இரண்டு எஞ்சின், இறக்கை உடம்புக்கு மேலே. சக்கரங்கள் உள்ளே மடங்காது, தொங்கியபடியே பறக்கும். அதற்குக் குட்டை ஓடுபாதையே போதும். அந்தப் பழைய தளத்துக்கு அதைவிடப் பொருத்தமான விமானம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

2009 ஜூலை 26 அன்று ‘ஐ.என்.எஸ். பருந்து’ என்ற பெயரில் முழுக் கடற்படைத் தளமானது. 2012ல் ஆளில்லா விமானப் பிரிவும் வந்தது.

ராமேசுவரத்துக்கு விமான நிலையம் வருமா?
(வியாபாரி, ராமநாதபுரம்)

2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். வரட்டும், மதுரை வரை போய் அலையும் பாடு மிச்சம். ஆனால் இந்த முறை நிலம் எடுக்கும்போது, கொடுப்பவர் பெயரும் சர்வே எண்ணும் கிராமத்துக்குக் கிராமம் எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும். போன முறை நடக்காதது அது.

பழைய ஓடுபாதையைப் போட்டோ எடுக்கலாமா?
(வாசகர், தங்கச்சிமடம்)

கூடாது. அது ராணுவ இடம். வேலிக்கு வெளியே நின்றும் எடுக்காதீர்கள், டிரோனும் விடாதீர்கள்.