ஒரே வேளைதானே, சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு மலேரியா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஆர்ட்டிசுனேட் 3 நாளைக்கும், சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமைன் மாத்திரை முதல் நாள் மட்டும் 3-ம் எழுதித் தந்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. அதை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஒரே வேளைதானே, சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். சல்ஃபடாக்சினும் ஒரு சல்ஃபா மருந்துதான். அந்த 3 மாத்திரையைத் தொடாமல், இன்றைக்கே மருத்துவரிடம் பழைய அலர்ஜியைச் சொல்லுங்கள்.

‘ஒரே வேளைதானே’ என்பதில்தான் சிக்கலே. சல்ஃபடாக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். முழுதாக வெளியேற ஒரு மாதத்துக்கும் மேல். மலேரியாக் கிருமி தான் பெருகத் தேவையான ஃபோலேட் என்ற சத்தைத் தயாரிப்பதை இது ஒரு கட்டத்திலும் பைரிமெத்தமைன் அடுத்த கட்டத்திலும் தடுக்கின்றன. இப்படி நீண்ட நாள் தங்குவதால்தான் ஒரே வேளை போதுமாகிறது. ஆனால் அலர்ஜி வந்தால் இதுவே வினை. வேறு மாத்திரை என்றால் நிறுத்திவிடலாம்; இதில் நிறுத்த என்ன இருக்கிறது? விழுங்கியது விழுங்கியதுதான்.

1980-களில் பயணிகள் மலேரியா வராமலிருக்க இதை வாரம் ஒருமுறை சாப்பிட்டார்கள். சிலருக்குத் தோல் கொப்பளித்து உரிந்து உயிரே போனது. அதன்பிறகு பயணிகளுக்கு அப்படித் தருவது கைவிடப்பட்டது. சிகிச்சையாக ஒரு வேளை கொடுக்கும்போது அவ்வளவு கடுமையான பாதிப்பு அரிதுதான். ஆனாலும் ஏற்கெனவே சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. ‘சரி, ஆர்ட்டிசுனேட்டை மட்டும் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்’ என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அது கிருமிகளை வேகமாகக் கொல்லும், ஆனால் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். மிச்சத்தைத் தீர்க்கத் துணைமருந்து வேண்டும். இல்லையென்றால் காய்ச்சல் திரும்ப வரும். சல்ஃபா கலக்காத ஆர்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் போன்ற கூட்டு மருந்துகள் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அதற்காகச் சிகிச்சையை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். மலேரியா காத்திருக்காது.

ஒருவேளை இதைப் படிக்குமுன் விழுங்கியிருந்தால், உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அடுத்த சில வாரங்களுக்குத் தோலையும் வாயையும் கவனியுங்கள். வாய்ப்புண், கண் எரிச்சல், தொட்டாலே வலிக்கும் சிவப்புத் திட்டுகள், கொப்புளம் – இதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கும்போது பழைய மருந்துச் சீட்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள். அன்று வெறும் தடிப்பு மட்டும்தானா, கூடவே காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இருந்ததா என்பதையும் யோசித்து வையுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.