பர்கண்டியில் சைக்கிள்: கார் வராத பாதைகள் பற்றி நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

பாரீஸுக்குக் குடிவந்ததிலிருந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சைக்கிளோடு பர்கண்டிக்கு, பிரான்சின் கிழக்கே ஒயினுக்குப் பேர்போன அந்த வட்டாரத்துக்கு, ரயில் ஏறிவிடுவேன். போன மாதம் அந்தப் பயணத்தின் படங்களைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கார் இல்லாத பாதை என்றால் நிஜமாகவே வராதா? இல்லை, ரோட்டோரம் ஒரு கோடு போட்டு விட்டிருப்பார்களா? (சென்னை)

நிஜமாகவே வராது. ஆனால் இரண்டு சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'வுவா வெர்த்' என்றால் பசுமைவழி. 2004-லிருந்து பிரெஞ்சுச் சாலை விதிகளிலேயே இருக்கும் சொல் அது; நடப்பவர்கள், மோட்டார் இல்லாத வண்டிகள், குதிரையில் வருபவர்கள், இவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. 'வெலோரூத்' என்பது பலகை நட்ட நீண்ட சைக்கிள் தடம், அதில் கிராமத்துச் சாலைகளும் கலந்து வரும், காரும் வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் சொல்லைத் தேடிப் பிடியுங்கள். அந்த வகையில் பிரான்சின் முதல் பாதையே பர்கண்டியில்தான் இருக்கிறது. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ., 1997-ல் திறந்தார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பாதை ஊர்ச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் நின்று பார்த்துத்தான் போக வேண்டும், வேகத்தில் அப்படியே போய்விடாதீர்கள்.

பத்து வருடமாக சைக்கிளைத் தொட்டதே இல்லை. மேடு ஏற முடியுமா என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் சொன்ன ஜிவ்ரி–க்ளூனி பாதை பழைய ரயில்பாதை. நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்துக் குறைத்துத் தடம் போட்டார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டபோது அந்தச் சாய்வு அப்படியே நமக்குக் கிடைத்துவிட்டது. ஏறுகிறோம் என்பதே தெரியாமல் ஏறுவீர்கள், மூச்சு மட்டும் கொஞ்சம் சூடாகும். வழியில் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள், சில இடங்களில் பிளாட்ஃபாரம்கூட அப்படியே இருக்கும். முதல் நாள் 25 கி.மீ. போதும். முழங்கால் பிரச்சினை இருந்தால் மின்சார சைக்கிள் எடுங்கள், மணிக்கு 25 கி.மீ. வரை மட்டும் உதவி செய்யும் சாதாரண வகைக்குப் பசுமைவழியில் தடையில்லை.

எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? எத்தனை நாள்?

நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பாரீஸின் பெர்சி ஸ்டேஷனிலிருந்து டிஜோன் வழியாகப் போகும் டி.ஈ.ஆர். வட்டார ரயிலில் சைக்கிளோடு ஏறலாம். போன் நகரில் இறங்குங்கள் (நம் கையில் இருக்கும் போன் இல்லை, ஊர் பெயரே அதுதான்). அங்கிருந்து தெற்கே பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே வழியாக சாந்த்னே வரை சுமார் 22 கி.மீ. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே. பிறகு சாந்த்ர் கால்வாயின் கரையோடு ஷாலோன். ஷாலோனிலிருந்து ஜிவ்ரி, புய்சி, கோர்மத்தான், க்ளூனி என்று பசுமைவழியில் இறங்கி மாக்கோனில் முடியுங்கள். ஷாலோன்–மாக்கோன் மட்டும் ஏறத்தாழ 70 கி.மீ. இருக்கும். திரும்பும்போது மாக்கோன் நகர ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதிவேக ரயில் நிற்கும் மாக்கோன்-லோஷே வேறு, ஊருக்கு வெளியே இருக்கிறது. ஒரு தடவை இரண்டையும் குழப்பிக்கொண்டு மழையில் மிதித்திருக்கிறேன்.

புய்சி என்ற ஊரை ஆங்கிலம் படித்தவர்கள் 'பக்ஸி' என்று படிப்பார்கள். எழுத்தில் எக்ஸ் இருந்தாலும் உள்ளூரில் அதை 'ஸ' என்றுதான் சொல்கிறார்கள், வழி கேட்கும்போது உதவும்.

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஒயின் தோட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது? (கோவை)

நிறைய இருக்கிறது, குடிப்பவர்கள் கவனிக்காமல் விடுவதையும் நீங்கள் பார்ப்பீர்கள்.

போனிலிருந்து தெற்கே போகும்போது வலது கைப் பக்கம் குன்று, இடது கைப் பக்கம் சமவெளி. அந்தச் சரிவின் எந்த உயரத்தில் கொடி நிற்கிறது என்பதில்தான் பாட்டிலின் பெயரும் விலையும் இருக்கிறது. கீழே ஈரம் தேங்கும் கனமான மண்ணில் விளைவது வெறும் 'பர்கண்டி' என்ற பொதுப்பெயரில் போகும். கொஞ்சம் மேலே கிராமத்தின் பெயர் கிடைக்கும். நடுச்சரிவில், தண்ணீர் நிற்காமல் வடியும் சுண்ணாம்பு மண்ணில், காலை வெயில் நேராக விழும் இடத்தில்தான் பிரமியே க்ரூ, க்ரான் க்ரூ என்ற உயர்ந்த தரப்பெயர்கள் எல்லாம். அதற்கும் மேலே மண் மெலிந்து காடாகிவிடும். காரில் போனால் இது எல்லாமே ஒரே பச்சை. சைக்கிளில் போகும்போது மட்டும் மண்ணின் நிறம் மாறுவதும், இடுப்புயரக் கல்சுவர் ஒரு வயலை இன்னொன்றிலிருந்து பிரிப்பதும், அந்தச் சுவருக்குள் ஒரு பெயர் செதுக்கிய வாசலும் கண்ணில் படும். பெயர் சூட்டிய இந்தச் சின்னச் சின்ன நிலத்துண்டுகளை 'க்ளிமா' என்கிறார்கள், 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கொடியின் அடியைக் குனிந்து பாருங்கள். தரைக்குச் சற்று மேலே முண்டு மாதிரி ஒரு வீக்கம் தெரியும். அதுதான் ஒட்டுப்போட்ட இடம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் மீட்டார்கள், இன்றுவரை அப்படித்தான் நடுகிறார்கள். பழம் மட்டும் ஒன்றுகூடப் பறிக்காதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள், அதோடு அது ஒருவருடைய ஒரு வருட உழைப்பு.

இந்த 22 கி.மீ. சட்டப்படி முழுப் பசுமைவழி இல்லை, தோட்ட வேலைக்கான சிமென்ட் பாதை. டிராக்டர் வரும். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர்தான் இடைவெளி என்பதால் நெட்டைக் கால்களோடு கொடிவரிசையை இரண்டு பக்கமும் தாண்டி நின்று ஓடும் தனி வகை டிராக்டர் அது, குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஒதுங்கி வழி விடுங்கள், ஓட்டுபவர் கையசைப்பார்.

ருசி பார்த்துவிட்டு சைக்கிள் ஓட்டலாமா?

சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு, மீறினால் அபராதம். ருசி பார்க்கும் இடத்தில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். வாயில் சுழற்றித் துப்புவது அவமரியாதை இல்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சின்னத் தோட்டங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வாங்கினால் ஒன்றிரண்டு பாட்டிலோடு நிறுத்துங்கள், ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல்.

க்ளூனிக்கு அப்பால் பெரிய சுரங்கம் இருக்கிறதாமே, எட்டு வயது மகள் பயப்படுவாளா? (லண்டன்)

புவா க்ளேர் சுரங்கம், 1.6 கி.மீ. நீளம். வெயிலில் வந்து உள்ளே நுழைந்ததும் யாரோ ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி குளிர் முகத்தில் அடிக்கும், சுவரில் நீர் கசியும், உங்கள் சக்கரச் சத்தமே உங்களுக்குத் திரும்பிக் கேட்கும். உள்ளே விளக்கு இருந்தாலும் சைக்கிள் விளக்கையும் போடுங்கள், மகளுக்கு ஒரு ஸ்வெட்டரைக் கையில் வைத்திருங்கள், அவளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். என் அக்கா மகன் முதலில் அழுதான், வெளியே வந்ததும் இன்னொரு தடவை போகலாம் என்றான். குளிர்காலத்தில் வௌவால்கள் உள்ளே உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அப்போது குன்றின் மேல் சாலைதான் வழி. இன்னொன்று, 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம்.

அக்கா, தனியாக ஒரு பெண் போகலாமா?

தாராளமாக. நான் பாதித் தடவை தனியாகத்தான் போயிருக்கிறேன். இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள், அவசரத்துக்கு 112. 'அக்கேய் வெலோ' என்ற பலகை உள்ள விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவிகளும் இருக்கும்.

சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

கொஞ்சம் திட்டமிட்டால் இல்லை. சந்தை நாளில் பழம், தக்காளி, ரொட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிராமங்களில் மதியம் கடையை மூடிவிடுவார்கள், ஞாயிறு பிற்பகலும் திங்களும் இன்னும் மோசம், இதை மறந்தால்தான் பட்டினி. உணவகத்தில் 'முட்டை' என்று ஆசையாகக் கேட்டு வாங்கும் 'மெரெத்' குழம்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்கள் கேட்டு வாங்குங்கள், பாரம்பரிய சீஸ்களில் பாலைத் திரிப்பது பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். கூழேர் என்ற சீஸ் பலகாரம் ரொட்டிக்கடையில் சூடாகக் கிடைத்தால் எனக்கு அதுவே மதியச் சாப்பாடு.

சைக்கிள் வாடகைக்கு எடுப்பதில் கவனிக்க வேண்டியது?

பிரேக். ஒருமுறை எடுத்த சைக்கிளில் பின் பிரேக் கட்டை தேய்ந்து உலோகம் தெரிந்தது, முதல் இறக்கத்தில்தான் எனக்கே தெரிந்தது. கடை வாசலிலேயே இரண்டு பிரேக்கும், பெல்லும், விளக்கும் பார்த்து, ஒரு டியூபும் பம்பும் கேட்டு வாங்குங்கள். தார்ப்பாதைதான், மலைச் சைக்கிள் தேவையில்லை.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன். செப்டம்பர் இன்னும் அழகு, அறுவடை நேரம் என்பதால் ஊரே விழித்திருக்கும், ஆனால் தோட்டக்காரர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது, அறையும் கிடைக்காது. ஆகஸ்டில் நிழலில்லாத சரிவில் நடுப்பகல் வேண்டாம். நவம்பர் மூன்றாவது ஞாயிறு போன் நகரில் ஓஸ்பீஸின் ஒயின் ஏலம், 1443-ல் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனையின் பெயரில் இன்றும் நடக்கிறது. அந்த வாரம் அறை வாடகை எகிறிவிடும்.

பர்கண்டி தூரம். போர்தோ பக்கம் இதே மாதிரி உண்டா? (துலூஸ்)

உண்டு. போர்தோவை ஒட்டிய லாத்ரேனிலிருந்து சோவ்தேர்-த-கியென் வரை 50 கி.மீ.க்குச் சற்று மேல், அதுவும் பழைய ரயில்பாதை. 1937 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரொஜே லப்பேபியின் பெயர் வைத்திருக்கிறார்கள். நிழல் அதிகம், தோட்டங்கள் மரங்களுக்கு அப்பால் விட்டுவிட்டுத்தான் தெரியும். நடுவில் க்ரேயோனில் பழைய ஸ்டேஷன் இருக்கிறது, அங்கே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். போர்தோவிலிருந்து காலையில் கிளம்பினால் க்ரேயோன் போய் மதியச் சாப்பாட்டை முடித்து மாலைக்குள் திரும்பிவிடலாம், கடைசிவரை போக வேண்டுமென்றால் ஓரிரவு தங்குங்கள்.