இடது கை சேர்ந்தால் எல்லாம் குழம்புகிறதா?

மும்பை செம்பூர் சகோதரிக்கு வணக்கம். சின்ன வயதில் பாட்டு கற்றவர், 46 வயதில் 61 கட்டை கீபோர்டு வாங்கியிருக்கிறீர்கள். வலது கை சரளமாகப் போகிறது, இடது கை சேர்ந்தால் குழம்புகிறது, வயதாகிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். வயதின் மேல் பழி போடாதீர்கள். இரண்டு கையையும் ஒரே திசையில் ஓட்டினால் கட்டைவிரல்கள் வெவ்வேறு இடத்தில் மாறும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் திணறுவது அங்கேதான்.

முதலில் எதிர்த்திசையில் வாசியுங்கள். இரண்டு கட்டைவிரலும் நடு சி-யில் (கீபோர்டின் நடுவில் இருக்கும் சி ஸ்வரக் கட்டை). வலது கை மேலே ஆரோகணம் (ஏறுவரிசை), இடது கை கீழே அவரோகணம் (இறங்குவரிசை). விரல் எண்ணிக்கையில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. 1-2-3 ஆனதும் இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் மற்ற விரல்களுக்கு அடியில் நுழையும், அப்புறம் 1-2-3-4-5. வேகம் வேண்டவே வேண்டாம்.

சி-யை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் வெள்ளைக் கட்டைகள் மட்டுமே சங்கராபரணம் ராகம். ரிஷபத்தையும் (ரி) தைவதத்தையும் (த) இடப்பக்கத்துக் கருப்புக் கட்டைக்கு மாற்றுங்கள், நீங்கள் சரளி வரிசை பாடிய மாயாமாளவகௌளை ராகம் வந்துவிடும். விரல் வரிசையும் அதேதான்! தொண்டைக்குப் பழகிய ஸ்வரம் விரலில் கிடைக்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தே பாருங்கள்.

88 கட்டை உள்ள பெரிய கீபோர்டு இப்போதைக்கு வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மரப் பியானோ பக்கமும் போகாதீர்கள். மும்பை மழைக்கால ஈரத்தில் மரம் உப்பி சுருதி விலகும். ராத்திரி வாசித்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், கீழ்வீட்டுக்காரர் புகாரும் நின்றுவிடும்.